வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் போராட்ட ஆவணங்கள்: எதைச் சேர்ப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு வெளியிடுவது?

கோணமலை வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நகரத்தில் நாங்கள் சிலர் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். புத்தகம் பற்றிக் கதைப்பதோடு நிற்காமல் இந்த வருடம் ஒரு வேலையில் இறங்கப் பார்க்கிறோம். 1950கள் தொடங்கி எங்கள் மாவட்டத்தில் நடந்த உரிமைப் போராட்டங்கள், தொழிற்சங்க வேலைகள், காணி மீட்புப் போராட்டங்கள், அவற்றுக்கு வெளியூர்களிலிருந்து கிடைத்த ஆதரவு எல்லாவற்றையும் பற்றிய காகிதங்களையும் குரல்களையும் சேர்க்க வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்பது, அங்கேயே ஸ்கேன் செய்வது, மூலப்பிரதியை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு வருவது. இதுதான் யோசனை.

அவசரத்துக்குக் காரணம் வயது. 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாட்டுக்காகத் திருமலைக்கு யாத்திரையாக நடந்து வந்தவர்களில் அப்போது இருபது வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை எட்டிவிட்டார். 1957 பெப்ரவரி 4ஆம் திகதி கறுப்புக்கொடி ஏற்றும்போது நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டதை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மொழியுரிமைக்கான 1961 சத்தியாக்கிரகத்தில் கச்சேரி (அரசாங்க அதிபர் அலுவலகம்) வாசலில் இருந்தவர்கள்? இந்த மூன்றைப் பற்றியும் தலைவர்கள் பேசிய பேச்சு எங்காவது கிடைக்கிறது. வாசலில் இருந்தவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்த வீடு எது, தண்ணீர் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் ஒருவரிடமும் எழுத்தில் பதில் இல்லை.

எதைச் சேர்ப்பது, எங்கே வைப்பது, எவ்வளவை இணையத்தில் போடுவது என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். முடிந்தவரை எல்லாம் பொதுவில் இருக்க வேண்டும் என்பது என் பக்கம்.

நிலா_உப்புவெளி:

அருமை அண்ணா! நானும் வருகிறேன். கம்பஸ் நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம், எல்லோரிடமும் நல்ல கமரா போன் உண்டு. உடனே ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்கிவிடலாம். போட்டதும் வெளிநாட்டில் இருப்பவர்களே படத்தில் உள்ளவர்களை அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

ரோனியோ:

தம்பி, நல்ல வேலை. காலம் பிந்தியாவது யாரோ தொடங்குகிறீர்கள்.

எதைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். நான் அந்தக் காலத்தில் சங்க வேலைகளுக்கு ஸ்டென்சில் தட்டிக் கொடுத்தவன். துண்டுப்பிரசுரத்தை எல்லோரும் வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கொள்கை விளக்கப் புத்தகம் பல வீடுகளில் இருக்கும், அது எப்படியும் கிடைக்கும். கிடைக்காதது கணக்குக் கொப்பி. யார் ஐம்பது சதம் கொடுத்தார், யார் ஒரு கொத்து அரிசி கொடுத்தார், லொறிக்கு எண்ணெய் யார் அடித்தார் என்று எழுதிய கொப்பி. கூட்ட அறிக்கைக் கொப்பி. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை. ஒரு போராட்டத்துக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை அந்த அடிக்கட்டைதான் சொல்லும், மேடைப் பேச்சு சொல்லாது.

1961 ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசுக் கட்சி தன் சொந்தத் தபால் சேவையைத் தொடங்கியது. சில நாளில் அவசரகாலச் சட்டம் வந்து தலைவர்களைக் கைது செய்துவிட்டார்கள். அந்த முத்திரை ஒட்டிய உறை யார் வீட்டிலாவது இருந்தால் அதை ஒருபோதும் பசை நாடா போட்டு ஒட்டாதீர்கள். உறையைக் கிழித்து முத்திரையை மட்டும் எடுக்கவும் வேண்டாம். யாருக்கு, எந்த ஊருக்கு என்று எழுதிய முகவரிதான் அதில் பெரிய செய்தி.

இன்னொன்று. பல வீடுகளில் ஒன்றுமே இருக்காது. 1983இலும், 1990இலும், பிறகு 2006இலும் பயத்தில் எரித்தவர்கள், அல்பத்தைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்தவர்கள், கிணற்றில் போட்டவர்கள் இருக்கிறார்கள். கரையோர வீடுகளில் மிஞ்சியதைச் சுனாமி கொண்டுபோனது. அப்படியான வீட்டில் போய் "ஒன்றும் இல்லையா" என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். என்ன இருந்தது, எப்போது போனது என்று கேட்டு எழுதுங்கள். அதுவும் சேர்க்க வேண்டிய ஆவணம்தான்.

கொட்டியாபுரத்தாள்:

ரோனியோ ஐயா சொன்னது எங்கள் ஊர்க் கதை. நான் சம்பூர்ப் பக்கம். 2006இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். பிறகு எங்கள் காணி உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள், அனல் மின்நிலையம் என்றார்கள். கிளிவெட்டி, கட்டைப்பறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தோம். 2015க்குப் பிறகுதான் கட்டம் கட்டமாக ஊர் திரும்பினோம். 2016இல் நிலக்கரி மின்நிலையத் திட்டமும் கைவிடப்பட்டது.

1956 பற்றி எங்களிடம் ஒரு தாளும் கிடையாது. ஆனால் முகாமில் இருந்த காலத்தில் நாங்கள் எழுதிய மனுக்கள் இருக்கின்றன. பிரதேச செயலாளருக்கு, அரசாங்க அதிபருக்கு, மனித உரிமை ஆணைக்குழுவுக்கு, வந்து போன ஒவ்வொரு தூதுக்குழுவுக்கும் எழுதினோம். பெரும்பாலும் பெண்கள்தான் எழுதினோம், பெண்கள்தான் கையெழுத்துப் போட்டோம். நிவாரண அட்டை, காணி உறுதிப் பிரதி, கிராம சேவகர் கடிதம் எல்லாம் ஒரே பைலில். உங்கள் வாசகர் வட்டம் "வரலாறு" என்று சொல்லும்போது இதுவும் அதில் வருமா அண்ணா? போராட்டம் என்றால் மேடையும் கொடியும்தான் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நிவாரண அட்டையை வைத்துக்கொண்டே காணியைக் கேட்ட பத்து வருடம் அதில் சேராவிட்டால் எனக்கு இந்த வேலையில் ஆர்வம் இல்லை.

கோணமலை வாசகன்:

கட்டாயம் வரும் அக்கா. அந்தப் பைலைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், ஒவ்வொரு மனுவின் கதையையும் அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

ஆம்ஸ்டெல் கரை:

பிறந்தது திருகோணமலை, இப்போது இருப்பது ஆம்ஸ்டர்டாம். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1935இல் தொடங்கியது. ஐரோப்பாவில் நாஸிகள் தொழிற்சங்கங்களின் காகிதங்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைக் காப்பாற்றவே இது உருவானது. மார்க்ஸ், எங்கெல்ஸ் கையெழுத்துப் பிரதிகள் 1938இல் இங்கே வந்து சேர்ந்தன. அதே வருடம் வியன்னாவிலிருந்து ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனினின் பிரதிகளை வெளியே கொண்டுவந்தவர் இந்த நிறுவனத்தின் பெண் நூலகர். போராளியோ தலைவரோ இல்லை, ஒரு நூலகர்!

தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிரான டச்சு இயக்கங்களின் ஆவணங்களும் இங்கேதான். 1970களில் இங்கே அவுட்ஸ்பான் என்ற தென்னாபிரிக்கத் தோடம்பழத்தை வாங்காதே என்று ஓர் இயக்கம் நடந்தது. தோடம்பழம் பிழிகிற கருவியில் ஒரு கறுப்பினக் குழந்தையின் தலையை வைத்து அழுத்துகிற மாதிரிச் சுவரொட்டி போட்டார்கள். அதை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. ஆனால் நான் அதிக நேரம் இருந்து வாசித்தது சுவரொட்டியை அல்ல. ஊர்க்குழுக்கள் தலைமைக்கு எழுதிய கடிதங்கள், எந்தக் கடை வாசலில் யார் நிற்பது என்ற பட்டியல், எவ்வளவு துண்டுப்பிரசுரம் மிஞ்சியது என்ற கணக்கு. ரோனியோ ஐயா கேட்கிற அதே அடிக்கட்டை.

லண்டனில் 1959இல் புறக்கணிப்பு இயக்கமாகத் தொடங்கி 1960இல் நிறவெறி எதிர்ப்பு இயக்கமாக மாறியது ஒன்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வேலா பிள்ளை. நீண்ட காலம் செயலாளராக இருந்தவர் அப்துல் மின்டி. அந்த இயக்கத்தின் காகிதங்கள் இன்று ஒக்ஸ்போர்ட்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன, யாரும் போய் வாசிக்கலாம். டப்ளினில் 1984 ஜூலையில் ஒரு கடையில் காசாளராக இருந்த மேரி மானிங் என்ற இளம்பெண் தென்னாபிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்தார். வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். கூட வேலை செய்தவர்கள் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் மூன்று வருடத்துக்குக் கிட்ட நடந்தது. 1987இல் தென்னாபிரிக்கப் பழம், மரக்கறி இறக்குமதிக்கு அயர்லாந்து அரசே தடை போட்டது. அந்த ஊழியர்களுக்கு அதில் ஒரு சதம் இலாபம் கிடையாது. முகம் தெரியாத மக்களுக்காகத் தங்கள் சம்பளத்தை விட்டார்கள்.

எனக்கு மிகப் பெரிதாகப் படுவது பாதுகாப்பு உதவி நிதியம் என்ற அமைப்பின் கதை. அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞர் செலவும் அவர்கள் குடும்பத்துக்கு உதவியும் கொடுத்த அமைப்பு. 1966இல் தென்னாபிரிக்க அரசு அதைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு எப்படிப் பணம் போனது? பிரித்தானியாவில் சாதாரண ஆட்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டிலிருக்கும் பெண்கள், கைதியின் மனைவிக்கு நண்பர் போலக் கடிதம் எழுதுவார்கள். கடிதத்தோடு பணம் போகும். பதில் வரும். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினேன், மாமியாருக்குச் சுகமில்லை, இந்தத் தவணைப் பள்ளிக்காசு கட்டிவிட்டேன் என்று. இருபத்தைந்து வருடம் இது நடந்தது, இரகசியம் வெளியே வரவில்லை. 1991இல் அமைப்பை மூடியபோது அதன் படங்கள், காகிதங்கள் எல்லாம் கேப் டவுனுக்கு, மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் மயிபுயே காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வெளியே காப்பாற்றப்பட்டது ஊர் திரும்பியது.

நம்முடையதிலும் ஒரு பகுதி லண்டனில், டொரண்டோவில், பாரிஸில் பழைய சங்கக் காரியதரிசிகளின் வீட்டு நிலவறையில் கிடக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரியவர் காலமானதும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாம் குப்பைக்குப் போகிறது. இங்கேயும் யாராவது வீடு வீடாகப் போக வேண்டும்.

நிலா_உப்புவெளி:

அண்ணா, அந்தக் கடிதக் கதையை வாசித்து அழுகை வந்துவிட்டது.

சீனன்குடா:

சின்ன விஷயம் ஒன்று. 1982இல் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் ஓர் அணியாகத் தென்னாபிரிக்காவுக்கு விளையாடப் போனார்கள். பந்துல வர்ணபுர தலைவர். திரும்பி வந்ததும் 25 வருடத் தடை. எங்கள் அப்பா அந்தச் செய்தி வெட்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார். நிறவெறி என்றால் என்ன என்று நான் முதலில் அறிந்தது அந்தக் கொப்பியில்தான். வெளிநாட்டுப் போராட்டத்தை இந்த ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கும் இடம் வையுங்கள்.

கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாம் வாசித்தேன். நல்ல நிய்யத்தோடு செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் பிறகு பங்கெடுக்க முடியாது.

1961 சத்தியாக்கிரகத்தில் கிழக்கில் முஸ்லிம்களும் சேர்ந்து இருந்தார்கள். எங்கள் வாப்பா காலத்து ஆட்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். சரி. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விரட்டினார்கள். இரண்டையும் செய்தவர்கள் விடுதலை என்ற பெயரில்தான் செய்தார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை வந்தபோது சனம் பிள்ளைகுட்டிகளோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அதே நாட்களில்தான் மூதூரில் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த 17 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர், முஸ்லிமும் இருந்தார்.

உங்கள் சேகரிப்பில் இதெல்லாம் எந்தப் பெட்டிக்குள் போகும்? "எங்கள் போராட்டம்" என்று ஒரு பெட்டி, "பிற சம்பவங்கள்" என்று இன்னொரு பெட்டி என்றால் எங்கள் வீட்டுக் காகிதம் வராது.

ஆம்ஸ்டெல் கரை:

நானா, நீங்கள் கேட்டதை இந்த இழை தாண்டிப் போகக் கூடாது.

தென்னாபிரிக்காவில் இதே கேள்வி வந்தது. வெளிநாட்டு முகாம்களில் ஏஎன்சி (நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆபிரிக்கத் தேசியக் காங்கிரஸ்) தன் ஆட்களையே சித்திரவதை செய்த விஷயம் வெளியே வந்தபோது, ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1992இலும் 1993இலும் அந்த அமைப்பே விசாரணைக் குழுக்களை வைத்தது. பிறகு உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 21,000க்கு மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. அதன் அறிக்கை 1998இல் வெளிவர இருந்தபோது, முகாம் கொடுமைகளும் அதில் இருக்கின்றன என்று வெளியீட்டைத் தடுக்க ஏஎன்சி நீதிமன்றம் போனது. நீதிமன்றம் மறுத்தது. அறிக்கை வெளிவந்தது. நிறவெறி அரசு செய்தது அதனால் ஒரு துளியும் சிறிதாகத் தெரியவில்லை. அந்த அறிக்கையை உலகம் நம்புவதற்கு ஒரு காரணம், வென்றவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறது என்பதுதான்.

என் கருத்து, இடத்தையும் திகதியையும் வைத்து அடுக்க வேண்டும். மூதூர், 2006 ஓகஸ்ட் என்று தேடினால் அந்த மாதம் மூதூரில் யாருக்கு என்ன நடந்ததோ எல்லாமே ஒன்றாக வரட்டும்.

கிண்ணியா நானா:

இடமும் திகதியும். அது சரிதான் தம்பி. அப்படியென்றால் நான் வருகிறேன்.

நிலா_உப்புவெளி:

நான் திரும்பவும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஏன் உடனே எல்லாவற்றையும் வெளியே போடக் கூடாது? 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்களைக் கொன்றார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொன்னார்கள். பிரேத அறையில் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்தபடியால்தான் துப்பாக்கிச் சூடு என்பது உலகத்துக்குத் தெரிந்தது. படம் அலுமாரிக்குள் இருந்திருந்தால்?

ரோனியோ:

மகள், அந்தப் படத்தை எடுத்த ஊடகவியலாளர் சுகிர்தராஜனை அதே மாதம் 24ஆம் திகதி காலையில் இதே நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 அதிரடிப்படையினரையும் 2019இல் விடுவித்தார்கள். படம் வெளியே வந்தது சரி. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சேர்த்துத்தான் கதைக்க வேண்டும். அவர் தன் உயிரைப் பணயம் வைத்து முடிவெடுத்தார். இன்னொருவர் உயிரைப் பற்றி நீங்களும் நானும் முடிவெடுக்க ஏலாது.

வழக்குக்கட்டு:

சட்டப் பக்கத்திலிருந்து. பெல்பாஸ்ட் திட்டம் என்று ஒன்று. பொஸ்டன் கல்லூரி 2001 முதல் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதபாணிகளை, இரண்டு தரப்பாரையும், பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2011இல் பிரித்தானியத் தரப்பு அமெரிக்க நீதிமன்றம் வழியாக ஒலிநாடாக்களைக் கேட்டது. சட்டப்போராட்டம் நடந்தது, கடைசியில் 2013இல் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த வருடம் அதையொட்டிக் கைதுகளும் நடந்தன. அந்தக் கல்லூரி நல்ல எண்ணத்தோடுதான் வாக்குக் கொடுத்தது. ஆனால் நீதிமன்றம் அந்த வாக்கைக் கேட்காது.

நம் நாட்டில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுக்கே ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே பேட்டி எடுக்கும்போது "இது இரகசியமாக இருக்கும்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பதிலாக, வெளியே போனால் உங்களுக்கோ வேறொருவருக்கோ ஆபத்து வரக்கூடிய எதையும் இந்தக் கருவிக்கு முன்னால் சொல்ல வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். சம்மதக் கடிதத்தைத் தமிழில், வாசித்தால் விளங்கும்படி எழுதுங்கள். இப்போதே பொதுவில் வரலாம், உள்ளூரில் வந்து பார்க்க மட்டும், குறிப்பிட்ட வருடம் வரை மூடி வைக்க வேண்டும் என்று மூன்று தெரிவு போதும். எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்பதையும் எழுதுங்கள்.

படங்களுக்கும் இதே விதிதான். முகாமில் எடுத்த படத்தில் மூலையில் நிற்கும் பிள்ளைக்கு இன்று இருபத்தைந்து வயது. அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

கொட்டியாபுரத்தாள்:

இது எனக்கு நிம்மதி. எங்கள் மனுக்களில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்து இருக்கிறது. பெயர் தெரியட்டும், அது எங்களுக்குப் பெருமை. இலக்கத்தை மறைத்துத்தான் போட வேண்டும்.

பெயர் பற்றி இன்னொன்று. தென்னாபிரிக்காவில் 1913இல் சிறைக்குப் போன தமிழ்ப் பெண்களைப் பற்றிப் பள்ளியில் படித்தோம். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வந்து 1914 பெப்ரவரி 22ஆம் திகதி பதினாறு வயதில் இறந்தார். கூடப் போன பெண்களின் பெயர்களும் இன்று தெரியும், ஏனென்றால் காந்தி எழுதி வைத்தார். டர்பனில் 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையும் இருந்தது. கூலி என்று ஏளனமாகக் கூப்பிடப்பட்ட வீட்டுப் பெண்கள் அவர்கள். யாரும் எழுதாவிட்டால் "சில பெண்களும் கலந்துகொண்டனர்" என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். எங்கள் மனுவில் கையெழுத்திட்ட ஒவ்வொருத்தியின் பெயரையும் தட்டச்சு செய்ய நான் தயார்.

ஒலிநாடா:

ரேடியோ, செட் திருத்துகிற ஆள் நான். வேலைக்கு உதவும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

காகிதம்: லேமினேட் செய்யவே கூடாது. சூடும் பசையும் சேர்ந்து தாளைத் தின்றுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. துருப்பிடித்த கிளிப், ஊசியை மெதுவாகக் கழற்றுங்கள். நம்முடைய உப்புக் காற்றில் இரும்பு முதலில் துருப்பிடிக்கும், துரு தாளில் ஓட்டை போடும். பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மட்டைப் பெட்டியில், நிலத்தில் படாமல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். கறையான் எளிதில் ஏறாமல் இருக்க அது உதவும். படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில். போல்பொயின்ற் வேண்டாம். பழைய பேக்ஸ் தாள் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து மறைந்துகொண்டே இருக்கும்.

ஸ்கேன்: எழுத்துக்கு 300 டிபிஐ, படத்துக்கு 600. தங்கச்சி, போன் கமரா பரவாயில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொகியுமென்ட் என்று அனுப்ப வேண்டும். தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள். கோப்பின் பெயரைத் திகதியோடு தொடங்குங்கள்: வருடம், மாதம், நாள், ஊர். யார் கொடுத்தார், யார் எழுதியது, யார் படத்தில் நிற்கிறார் என்பதை அன்றைக்கே எழுத வேண்டும். விவரம் இல்லாத ஆயிரம் படத்தை விட விவரம் உள்ள ஐம்பது படம் பெறுமதி. பேஸ்புக் பக்கம் ஆட்களைக் கூப்பிட நல்லது, வைப்பதற்கு நல்லதில்லை. அவர்கள் நினைத்தால் பக்கத்தை மூடுவார்கள், தேடி எடுக்கவும் முடியாது.

காசற்: முதலில் மேலே இருக்கும் இரண்டு சின்னத் தடுப்புகளையும் உடையுங்கள், தவறி அழிக்க முடியாது. சும்மா போட்டுப் பார்க்கக் கூடாது. பழைய நாடா ஒரு தடவை மட்டும் ஓடிவிட்டு அறுந்து போகலாம், ஆகவே முதல் தடவையே கணினியில் பதிய வேண்டும். மண்டேலா 1964இல் ரிவோனியா வழக்கில் பேசிய பேச்சு டிக்டாபெல்ட் என்ற பிளாஸ்டிக் பட்டியில் பதிந்து இருந்தது. அதை ஓட்டுகிற கருவி கிடைப்பதே அரிது. பிரான்ஸில் ஒரு தனிக் கருவி வைத்து அந்த வழக்கின் சுமார் 250 மணி நேரப் பதிவை மீட்டார்கள். நம்மிடம் இருப்பது சாதாரணக் காசற். ஓட்டுகிற செட் இன்னும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். பத்து வருடத்தில் இரண்டும் இருக்குமா தெரியாது.

சீனன்குடா:

இதையெல்லாம் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 புத்தகம் போனது. இந்த நாட்டில் வைத்தால் பயம்தான்.

வழக்குக்கட்டு:

பயம் நியாயம். ஆனால் வெளிநாடு என்றால் பாதுகாப்பு என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. பிரித்தானியா தன் காலனிகளை விட்டு வெளியேறும்போது சங்கடமான கோப்புகளை எரித்தது, மிச்சத்தைக் கப்பலேற்றியது. அவை இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரச வளாகத்தில் பூட்டிக் கிடப்பது, கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலச் சித்திரவதைகள் பற்றிய வழக்கில், 2011இல்தான் வெளியே வந்தது. அந்த வழக்கால் 5,228 கென்யர்களுக்கு 2013இல் இழப்பீடு கிடைத்தது. அந்தக் கோப்புகளில் இலங்கையுடையதும் உண்டு. தென்னாபிரிக்காவிலும் ஆட்சி மாறுவதற்கு முன், 1993இல், தேசியப் புலனாய்வுத் துறை மட்டும் 44 தொன் ஆவணத்தை அழித்தது. அரசு தன் பக்கத்துக் கோப்பை அழித்த பிறகு மிஞ்சியது யாருடையது? இயக்கங்களின் காகிதம், குடும்பங்களின் காகிதம், லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்த பிரதிகள். ஒரே இடத்தில் வைக்காததுதான் காப்பாற்றியது.

இன்னொரு வழியும் நம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சம்பூர் மனுக்களுக்கு அலுவலகங்கள் உள்ளே என்ன குறிப்பு எழுதின என்று கேட்கலாம். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமும் பைலில் சேரட்டும்.

ஆம்ஸ்டெல் கரை:

நூலகம் நிறுவனம் 2005 முதல் தன்னார்வமாகத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பொதுவில் வரக்கூடியதை அவர்களோடு பேசிச் சேர்க்கலாம். மூலப்பிரதி வீட்டில், ஒரு பிரதி திருமலையில், ஒன்று நூலகத்தில், ஒன்று கடல் தாண்டி. மூடி வைக்க வேண்டியது இரண்டு வன்தட்டுகளில் மட்டும், இணையத்தில் வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் பிரதிக்கு நான் பொறுப்பு.

கோணமலை வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. வாசகர் வட்டத்தில் கதைத்தோம். முடிவு இப்படி:

சம்பூர்ப் பைலில் தொடங்குகிறோம். அக்கா பெயர்களைத் தட்டச்சு செய்கிறார், நிலாவும் நண்பர்களும் ஸ்கேன், இலக்கங்களை மறைத்த பிரதி தனியாக. சம்மதக் கடிதத்தின் வரைவை வழக்குக்கட்டு அடுத்த கிழமை இங்கேயே போடுவார், எல்லோரும் வாசித்துத் திருத்துங்கள். அடுக்குவது இடம், திகதி வரிசையில். தலைப்பு வைத்துப் பிரிக்க மாட்டோம். ரோனியோ ஐயாவின் பேட்டிதான் முதல் பேட்டி. 1961இல் சமைத்த வீடுகளைப் பற்றி அவரிடமிருந்தே தொடங்கி, அவர் சொல்லும் ஆட்களிடம் போவோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 முதல் வீதியில் இருக்கும் அம்மாக்களிடம் அவர்கள் வைத்திருக்கும் படங்களைப் பற்றி இப்போதைக்குக் கேட்கப் போவதில்லை. அவர்களுக்கு அது இன்னும் முடியாத வழக்கு. அவர்களாகக் கூப்பிட்டால் போவோம்.

கிண்ணியா நானா:

என்னிடம் வாப்பாவின் காசற்றுகள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கின்றன. கூட்டங்களில் பேசியது, 1990க்குப் பிறகு ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் சொன்னது. சிலதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு பாலத்தைக் கடந்து கொண்டுவரட்டுமா?

ஒலிநாடா:

கொண்டுவாருங்கள் நானா, மூன்று மணிக்குக் கடையில் இருப்பேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் எந்தக் குரல் யாருடையது என்று எழுதலாம், கொஞ்ச நேரம் ஒதுக்கி வாருங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்து வெயிலில் கொண்டுவர வேண்டாம், சூட்டில் நாடா இழுபடும். பஸ்ஸில் மடியில் வைத்து வந்தால் நல்லது.